ஏழை முதியோருக்காக ஓர் அமைச்சர்

கையில் பணமில்லை, கவனிக்கப் பிள்ளைகளும் இல்லை, உடலில் உழைக்கும் வலுவும் இல்லை. 1930-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இத்தகைய முதியவர்களுக்கு எஞ்சியிருந்த கடைசிப் புகலிடம், உள்ளூர் நிர்வாகங்கள் நடத்திய ஏழையர் விடுதி. முதியோர், நோயாளிகள், மனநலம் குன்றியோர் அனைவரும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் அடைக்கப்பட்டிருந்தனர். அங்கு போய்ச் சேர்வதை வாழ்நாளின் பேரவமானமாக முதியவர்கள் கருதினர். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் முதியோர் உதவிச் சட்டங்கள் 1934-ஆம் ஆண்டிலேயே இருந்தன என்பது உண்மைதான். ஆனால், அவற்றில் பல ஏட்டளவில் நின்றவை. உள்ளூர் நிர்வாகம் விரும்பிப் பணம் ஒதுக்கினால்தான் உதவி, இல்லையேல் இல்லை.

இந்த நிலையை மாற்றிய 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் சாதனை என்றே பாடநூல்கள் கூறுகின்றன. நானும் வகுப்பறையில் பல ஆண்டுகள் அவ்வாறே நடத்தினேன். சட்டத்தை வகுத்த குழுவுக்குத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் தலைமை வகித்தார் என்பதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவேன். ஓய்வுபெற்ற பின்னர் அவருடைய வாழ்க்கையை நிதானமாகப் படித்தபோதுதான் அந்த ஒரு வரியில் எவ்வளவு விடுபட்டிருந்தது என்பது புரிந்தது.

1880-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்த பெர்கின்ஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் நகரில் வளர்ந்தார். எழுதுபொருள் வணிகம் செய்த தந்தையின் குடும்பம் பழைமைப் பற்றுள்ளது. வறுமைக்குக் குடியும் சோம்பலுமே காரணம் என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் அவர் முதன்மையாகப் படித்தது அறிவியல். எனினும், பொருளாதார வரலாறு கற்பித்த ஆசிரியை ஒருவர் மாணவிகளை அருகிலிருந்த ஆலைகளுக்கு அழைத்துச் சென்று, தொழிலாளர் நிலையை நேரில் கண்டு எழுதச் செய்தார். கடுமையாக உழைத்தும் வறுமையிலிருந்து மீளாதவர்களை பெர்கின்ஸ் முதன்முதலாகச் சந்தித்தது அங்கேதான். வீட்டில் கற்ற பாடம் அத்தோடு சரிந்தது. பொருளியலை நூலகத்துக்குள் மட்டுமே கற்பித்துவிட்டு ஓய்வுபெற்ற என் போன்றோருக்கு அந்த ஆசிரியைமீது சற்றுப் பொறாமை ஏற்படுவது இயல்பு.

சிகாகோவின் ஹல் ஹவுஸ் சேவை இல்லம், பிலடெல்பியாவில் வேலை தேடி வந்த பெண்களுக்கான அமைப்பு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் என்று அடுத்த சில ஆண்டுகள் கழிந்தன. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தில் தோழி ஒருவரின் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த அவர், தீயணைப்பு வண்டிகளின் ஓசை கேட்டு வெளியே ஓடினார். அருகிலிருந்த கட்டடத்தின் மேல்தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் ஆடை ஆலை எரிந்துகொண்டிருந்தது. வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்பு ஏணிகள் ஆறாவது தளத்துக்கு மேல் எட்டவில்லை. இளம் பெண்கள் ஜன்னல்களிலிருந்து குதித்து மாண்டதை அவர் தம் கண்ணால் பார்த்தார். இறந்தவர்கள் 146 பேர். பின்னாளில் அவர் இயற்றத் துணைநின்ற தொழிலாளர் சட்டங்கள் அனைத்துக்கும் அந்த நாளையே தொடக்கமாக அவர் கருதி வந்தார்.

அடுத்த இருபது ஆண்டுகள் நியூயார்க் மாநில அரசில் தொழிற்சாலை ஆய்விலும் தொழிலாளர் நிர்வாகத்திலும் கழிந்தன. ஆளுநர் ஆல் ஸ்மித் அவரைத் தொழில் ஆணையத்தில் அமர்த்தினார். அடுத்து வந்த ஆளுநர் ரூஸ்வெல்ட் மாநிலத் தொழிலாளர் துறையின் தலைமைப் பொறுப்பை அளித்தார். இடையில், 1913-இல் பொருளாதார வல்லுநரான பால் வில்சனை மணந்தார். ஒரு மகள் பிறந்தாள். சில ஆண்டுகளிலேயே கணவருக்குத் தீராத மனநோய் கண்டது. மருத்துவமனைச் செலவு, குழந்தை, குடும்பம் அனைத்தும் பெர்கின்ஸின் ஊதியத்தையே நம்பியிருந்தன. ஈட்டுபவர் ஒருவர் விழுந்தால் ஒரு குடும்பம் எவ்வளவு விரைவில் நிலைகுலையும் என்பதை அவர் புள்ளிவிவரங்களில் தேட வேண்டியிருக்கவில்லை. இதை அவர் பொதுவெளியில் பேசியதும் இல்லை.

1933 பிப்ரவரியில், அதிபராகப் பதவியேற்கவிருந்த ரூஸ்வெல்ட் தம் அமைச்சரவையில் சேருமாறு அழைத்தபோது, பெர்கின்ஸ் ஒரு பட்டியலுடன் சென்றார். குறைந்தபட்ச ஊதியம், வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு என்று நீண்டது அது. இவற்றுக்கு ஒப்புதல் இருந்தால்தான் பதவி ஏற்பதாக அவர் நிபந்தனை விதித்தார். ரூஸ்வெல்ட் இசைந்தார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. அப்போது நாட்டில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை.

முதியோர் பிரச்னை தெருவுக்கு வந்தது வேறொருவரால். கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் வாழ்ந்த பிரான்சிஸ் டவுன்சென்ட் என்ற முதிய மருத்துவர், 60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டாலர் வழங்க வேண்டும் என்றும், அதை அவர்கள் அந்த மாதமே செலவழித்துவிட வேண்டும் என்றும் ஒரு திட்டத்தை முன்வைத்தார். வணிகப் பரிமாற்றங்கள் அனைத்தின்மீதும் 2 சதவீத வரி விதித்து அந்தப் பணத்தைத் திரட்டலாம் என்றார். நாடெங்கும் ஆயிரக்கணக்கான டவுன்சென்ட் மன்றங்கள் முளைத்தன. கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 2,400 கோடி டாலர் தேவை. அது அன்றைய தேச வருமானத்தில் ஏறத்தாழ பாதி. திட்டம் நடவாது என்பதை முதலாண்டு பொருளியல் மாணவரும் சொல்லிவிடுவார். ஆனாலும், அதன் பின்னால் திரண்ட முதியவர்களின் பசி பொய்யல்ல. நாடாளுமன்ற உறுப்பினர்களை அரசின் மசோதாவை நோக்கித் தள்ளியதில் அந்தக் கூட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

1934 ஜூன் மாதம் ரூஸ்வெல்ட் அமைத்த பொருளாதாரப் பாதுகாப்புக் குழுவுக்கு பெர்கின்ஸ் தலைவரானார். சட்டம் இயற்றினால் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிடுமோ என்ற அச்சம் அனைவரையும் ஆட்டியது. ஒரு தேநீர் விருந்தில் நீதிபதி ஹார்லன் ஸ்டோனிடம் இந்தக் கவலையை பெர்கின்ஸ் வெளியிட்டார். மத்திய அரசின் வரிவிதிப்பு அதிகாரமே அதற்குப் போதும் என்று அவர் தாழ்ந்த குரலில் குறிப்புக் காட்டினாராம். நீதிபதியிடம் இவ்வாறு யோசனை பெறுவது முறையா என்று இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பெர்கின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் நெருங்கியும் குழுவினர் முடிவெடுக்காததால், அவர்களைத் தம் வீட்டு உணவு மேசைக்கு அழைத்து, தொலைபேசி இணைப்பைத் துண்டித்து, நள்ளிரவு கடந்தும் விவாதிக்கச் செய்து, இறுதியில் இசைவு பெற்றார்.

சட்டத்தில் முதியோருக்கென இரண்டு வழிகள் அமைந்தன. ஒன்று, தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் ஆளுக்கு 1 சதவீதம் செலுத்தி, பின்னாளில் பெறும் ஓய்வூதியம். மற்றது, ஏற்கெனவே முதுமை எய்திவிட்ட, சந்தா கட்டவே வாய்ப்பில்லாத ஏழைகளுக்கு அரசு நேரடியாக வழங்கும் முதியோர் உதவித்தொகை. உலகம் நினைவில் வைத்திருப்பது முதலாவதை. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லர் 1940 ஜனவரியில் 22.54 டாலருக்கான முதல் மாதக் காசோலையைப் பெற்ற கதையை நானும் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவர் கட்டிய வரி 24.75 டாலர், நூறு வயது வரை வாழ்ந்து பெற்றதோ 22,888.92 டாலர். மாணவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால், அன்றைய ஏழை முதியோரின் அடுப்பை எரியவைத்தது இரண்டாவது வழியே. 1940-ஆம் ஆண்டின் இறுதியில் காப்பீட்டு வழியில் மாதப் பயன் பெற்றவர்கள் எல்லா வகையினரையும் சேர்த்துச் சுமார் 2.2 லட்சம் பேர். உதவித்தொகை பெற்றவர்களோ சுமார் 20 லட்சம் பேர். சட்டத்தின் முதல் அத்தியாயமாக அமைந்ததும் அதுவே. மாதம் 30 டாலர் வரையிலான உதவியில் பாதியை மத்திய அரசு ஏற்கும். ஆனால், மாநிலம் சில நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். உதவி, மாநிலத்தின் எல்லாப் பகுதிகளிலும் நடைமுறையில் இருக்க வேண்டும். உள்ளூர் நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடக் கூடாது. மளிகைப் பொருளாகவோ பழைய துணியாகவோ அன்றிப் பணமாகவே தர வேண்டும். அரசு விடுதிகளில் அடைபட்டிருப்போருக்கு வழங்கும் தொகையில் மத்திய அரசு பங்கேற்காது. இந்த ஒரு விதியால் முதியவர்களை விடுதியில் வைத்திருப்பது மாநிலங்களுக்கு நட்டக் கணக்காயிற்று; ஏழையர் விடுதிகள் தேய்ந்து மறைந்ததில் இதற்குக் கணிசமான பங்கு உண்டு.

இன்னொரு விதியைப் பொருளியலாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் மாநில அமைப்பின் முன் முறையான விசாரணை கோரலாம் என்பது அது. நலத்திட்டங்களைப் பற்றிப் பேசும்போது தகுதியற்றவர் நுழைந்துவிடுவதைக் குறித்தே நாம் பெரிதும் கவலைப்படுகிறோம். தகுதியிருந்தும் விடுபட்டவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர் சத்தமின்றி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். அவருக்கு ஏன் என்று கேட்கும் இடம் ஒன்றைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது, தொகையைவிடப் பெரிய செயல் என்பது என் கருத்து.

இழப்புகளும் சிறியவை அல்ல. கண்ணியத்துக்கும் உடல்நலத்துக்கும் போதுமான அளவில் உதவித்தொகை அமைய வேண்டும் என்றது மூல மசோதா. அந்த வாசகத்தைத் தென்மாநில உறுப்பினர்கள் நீக்கச் செய்தனர். கறுப்பின முதியவர்களுக்கு எவ்வளவு தருவது என்பதில் தலைநகரம் தலையிடும் என்ற அச்சமே அதன் பின்னணி. விளைவாக, தென்மாநிலங்கள் சிலவற்றில் வழங்கப்பட்ட தொகை, கலிபோர்னியாவில் வழங்கப்பட்டதில் ஒரு சிறு பகுதியே. காப்பீட்டு வழியிலிருந்து விவசாயத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் விலக்கப்பட்டனர். அவர்களிடம் வரி வசூலிப்பது கடினம் என்று நிதியமைச்சர் மார்கெந்தாவ் வாதிட்டார். குழுவின் பரிந்துரையில் அவர்கள் இடம்பெற்றிருந்தனர். கறுப்பின உழைப்பாளரில் பெரும்பான்மையோர் இந்த இரு தொழில்களில்தான் இருந்தனர். பெர்கின்ஸ் இவற்றை ஏற்றுக்கொண்டார். மசோதா முழுவதையும் இழப்பதைவிடப் பாதியைப் பெறுவது மேல் என்பது அவரது அரசியல். அதை நான் குறைகூறத் தயங்குகிறேன்; ஆனால், அதன் விலையை வேறு யாரோ செலுத்தினார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. அவர்களில் பெரும்பாலோர் காப்பீட்டுக்குள் வருவதற்கு 1950-களின் திருத்தங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உதவித்தொகைக்கு மாற்றாக, மத்திய அரசே நாடு முழுவதற்கும் ஓர் அடிப்படைத் தொகையை வழங்கத் தொடங்கியது 1974-இல்தான்.

மசோதா கீழவையில் 372-க்கு 33, மேலவையில் 77-க்கு 6 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 1935 ஆகஸ்ட் 14 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திடும் புகைப்படத்தில், அவருக்குப் பின்னால் ஆண்கள் கூட்டத்தின் நடுவே பெர்கின்ஸ் நிற்கிறார். சற்று முன்னர்தான், கணவர் தம் பராமரிப்பாளர்களிடமிருந்து விலகிக் காணாமற்போன செய்தி அவருக்கு எட்டியிருந்தது. விழா முடிந்ததும் ரயிலேறி நியூயார்க் சென்று, தேடிக் கண்டுபிடித்தார். மறுபுறம், செலவினத்துக்கான நிதி மசோதாவை செனட் உறுப்பினர் ஹியூயி லாங் பேசியே முடக்கிவிட்டதால், புதிய வாரியம் பிற துறைகளிடம் ஆட்களையும் பணத்தையும் இரவல் பெற்றுத்தான் பணியைத் தொடங்கியது. சட்டம் செல்லும் என 1937 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்டோன் காட்டிய வழி வீண்போகவில்லை.

நன்றிக்குப் பதில் அவருக்குக் கிடைத்தவை வசைகளே. தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடுகடத்தவில்லை என்று கூறி, 1939-இல் அவரைப் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தனர். விசாரணைக் குழுவின் முன் ஆஜராகி விளக்கமளித்தார், தீர்மானம் கைவிடப்பட்டது. 1945 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், அமைச்சராகவே இருந்தார்.

1952-இல் கணவர் இறந்தார். அரசுப் பணியிலிருந்து விலகிய பின்னரும் பெர்கின்ஸ் ஓய்வெடுக்கவில்லை. எண்பது வயதை நெருங்கிய நிலையில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் உறவுகள் குறித்துப் பாடம் நடத்தினார். இளைஞர்கள் தங்கிய ஓர் இல்லத்தில் தமக்கென ஓர் அறை பெற்று அவர்களுடன் வாழ்ந்தார். 1965 மே 14 அன்று, 85-ஆம் வயதில் மறைந்தார்.

1933-இல் அவர் ரூஸ்வெல்ட்டிடம் காட்டிய பட்டியலில் நிறைவேறாமல் எஞ்சியது மருத்துவக் காப்பீடு ஒன்றுதான். மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பால் முழு மசோதாவும் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சி 1935-இல் அதைக் கைவிட்டிருந்தனர். முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 ஜூலை 30 அன்று. பெர்கின்ஸ் மறைந்து அப்போது பதினொரு வாரங்கள் ஆகியிருந்தன.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).