ஹனோய் கோபுரம் செய்த வாத்தியார்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப்ல ரிகர்ஷன்னு சொன்னதும் வர்ற ப்ரோக்ராம் டவர் ஆஃப் ஹனோய். மூணு குச்சி, சில வட்டத் தட்டு. அதை 1883-ல் வெளியிட்டவர் எதுவார் லூகாஸ். ஆனா பெட்டி மேல இருந்தது அவர் பேர் இல்ல. தன் பேரையும் ஊரையும் எழுத்து மாற்றிப் போட்டு, சியாம் நாட்டு அறிஞர் ஒருத்தர் செஞ்ச மாதிரி விட்டுட்டார்!

லூகாஸ் 1842-ல் பிரான்சின் அமியான் நகரத்தில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தார். 1870-ல் பிரஷ்யாவோட போர் வந்தப்போ பீரங்கிப் படை அதிகாரி. போர் முடிஞ்சதும் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஆனார்.

அவரோட பெரிய வேலை ஒரு எண். 127 ரெண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழிச்சா வர்றது:

170141183460469231731687303715884105727

மொத்தம் 39 இலக்கம். 128 பிட் சைன்டு இன்டிஜர்ல அடங்குற மிகப்பெரிய எண்ணும் இதுதான். இது பகா எண்னு மெர்சென் என்ற துறவி 1644-லேயே சொன்னார். ஆனா நிரூபணம் தரல. ஒவ்வொரு எண்ணா வகுத்துப் பார்க்கலாமா? 20 இலக்க எண்கள் வரைக்கும் போகணும். ஒரு ஆயுள் போதாது.

லூகாஸ் வகுக்காமலே கண்டுபிடிக்க வழி தேடினார். அந்த வழியின் இன்றைய வடிவத்தை 31-ல் போட்டுப் பார்ப்போம். 4-ல் தொடங்கணும். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிச்சா 14. மறுபடி செஞ்சா 194. அதை 31-ஆல் வகுத்தா மீதி 8. இன்னொரு தடவை செஞ்சா 62, மீதி 0. கடைசியில் பூஜ்ஜியம் வந்தா பகா எண். 31-க்கு மூணு சுற்று போதும். அந்த 39 இலக்க எண்ணுக்கு 125 சுற்று வேணும்.

1876-ல் அது பகா எண்தான்னு லூகாஸ் அறிவிச்சார். கால்குலேட்டர் இல்ல, கையாலேயே போட்ட கணக்கு. 1951 வரைக்கும் அதைவிடப் பெரிய பகா எண்ணை யாரும் கண்டுபிடிக்கல.

அதே வருஷம் இன்னொண்ணும் சொன்னார். மெர்சென் பட்டியல்ல இருந்த, 67 ரெண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழிச்ச எண் பகா எண் இல்ல. காரணி ஒண்ணுகூட கையில் இல்லாமலே சொன்னார்! 1903-ல் கோல் என்ற அமெரிக்கர் காரணிகளைக் காட்டினார்: 193707721, 761838257287.

1891-ல் ஒரு விருந்தில் உடைஞ்ச பீங்கான் துண்டு தெறிச்சு லூகாஸ் கன்னத்தில் வெட்டுச்சு. காயத்தில் தொற்று ஏறி, சில நாளில் இறந்துட்டார். வயசு 49.

1930-களில் லெமர் அந்தச் சோதனையை எளிமையாக்கினார். 2024-ல் கண்டுபிடிச்ச 4,10,24,320 இலக்கப் பகா எண்ணையும் லூகாஸ்-லெமர் சோதனை வச்சுதான் உறுதி செஞ்சாங்க. பொம்மைப் பெட்டியில் மறைச்ச பேர், அங்கே முதல்ல நிக்குது.