வளர்த்த நாயைத் தெருவில் விடுவது குற்றம்: அந்தச் சட்டத்துக்காகப் போராடிய ருக்மிணி தேவி

உங்க வாட்ஸ்அப் குரூப்ல இப்படி ஒரு மெசேஜை நிச்சயம் பார்த்திருப்பீங்க. வீடு மாறுறாங்க, புது ஹவுஸ் ஓனர் நாய் வளர்க்க ஒத்துக்கலை, யாராவது எடுத்துக்க முடியுமான்னு கேட்டிருப்பாங்க. போட்டோல அந்த நாய் எதுவும் தெரியாம கேமராவைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கும். இப்படிக் கேட்டு வீடு தேடுறவங்ககூட பரவாயில்லை. ராத்திரியோட ராத்திரியா பைபாஸ் ஓரத்துல இறக்கி விட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்க. பசியிலயும் தாகத்துலயும் தவிக்கிற மாதிரி ஒரு விலங்கைக் கைவிடுறது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வரக் காரணமா இருந்தவர் வக்கீல் இல்லை, ஒரு பரதநாட்டியக் கலைஞர். பேரு ருக்மிணி தேவி அருண்டேல்.

1904 பிப்ரவரி 29, மதுரையில் பிறந்தவர். அப்பா நீலகண்ட சாஸ்திரி, பொதுப்பணித்துறை இன்ஜினீயர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர் என்பதால், குடும்பம் சென்னை அடையாறுக்கு வந்தது. 16 வயதில் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை ருக்மிணி திருமணம் செய்தபோது மெட்ராஸே கொந்தளித்தது. பிறகு பரதம் கற்று 1935-ல் மேடையேறினார். அப்போது அதற்கும் எதிர்ப்பு. 1936-ல் அவர் தொடங்கியதுதான் கலாக்ஷேத்ரா.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இவர் இன்னொரு வகையிலும் சொந்தம். கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் அமைத்து, மறைந்துகொண்டிருந்த பழைய காஞ்சிப் பட்டு டிசைன்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் அவர்.

1952-ல் ராஜ்ய சபாவுக்கு நியமன உறுப்பினர் ஆனார். கலைக்காகத்தான் அவரை அனுப்பினாங்க. ஆனா, அங்கே போய் அவர் அதிகம் போராடினது பேசத் தெரியாத ஜீவன்களுக்காக. அப்போ நடைமுறையில் இருந்தது 1890-ல் பிரிட்டிஷ்காரங்க போட்ட சட்டம். அது பெரும்பாலும் நகராட்சி எல்லைக்குள்ளதான் செல்லும். அதாவது, காஞ்சிபுரம் டவுன்ல ஒரு விலங்கைக் கொடுமைப்படுத்தினா கேட்கலாம். பக்கத்துல இருக்கிற முசரவாக்கம் மாதிரி கிராமத்துல அதே கொடுமை நடந்தா, கேட்க சட்டமே கிடையாது!

1953-ல் ருக்மிணி தேவி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அடுத்த வருடம் பிரதமர் நேரு, அரசே இதற்குச் சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கொடுத்தார். அதை நம்பி மசோதாவை வாபஸ் வாங்கினார் ருக்மிணி. அரசு குழு அமைத்தது. அப்புறம் வருடங்கள் ஓடின. ஒருவழியாக 1960 டிசம்பரில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

இந்தச் சட்டத்துல நாம கவனிக்க வேண்டிய ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, 11-வது பிரிவு. தகுந்த காரணமில்லாம ஒரு விலங்கைப் பட்டினி கிடக்க விட்டுட்டுப் போறதையும் கொடுமைன்னு சொல்லுது. இன்னொண்ணு, 29-வது பிரிவு. கொடுமை நிரூபணமாகி, அந்த ஓனர்கிட்டயே இருந்தா மறுபடியும் கொடுமை நடக்கும்னு தெரிஞ்சா, அவர்கிட்ட இருந்து அந்த விலங்கைக் கோர்ட் பிரிக்கலாம். நான்தான் காசு கொடுத்து வாங்கினேன், என் இஷ்டம்னு யாரும் சொல்ல முடியாது.

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் ஜனாதிபதி பதவிக்கு நிற்கச் சொல்லிக் கேட்டபோது, ருக்மிணி தேவி வேண்டாம்னுட்டார். கலாக்ஷேத்ராவும் விலங்குகளும் போதும் என்பதுபோல கடைசிவரை வாழ்ந்து, 1986 பிப்ரவரி 24-ல் மறைந்தார்.

சரி, அந்தச் சட்டப்படி முதல் தடவை மாட்டினா அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைஞ்சது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். 1960-ல் அது ஒரு தொகை. இன்னிக்கு ஒரு பாக்கெட் நாய் பிஸ்கட்கூட வராது. அதனால, பயத்துல யாரும் நாயைக் கைவிடாம இருக்கப்போறதில்லை. மனசு வெச்சாதான் உண்டு.

நிஜமாவே வளர்க்க முடியாத நிலைமை வரலாம். அப்போ எடுத்துக்கப்போறவங்க வீட்டை நேர்ல போய்ப் பாருங்க. தடுப்பூசி கார்டு, பழகின சாப்பாடு, அது படுத்துப் புரண்ட பழைய துணி மூணையும் கூடவே அனுப்புங்க. அந்தத் துணியில இருக்கிற வாசனை அதுக்குப் பெரிய ஆறுதல்.

நீங்க எடுத்து வளர்க்கிறவங்களா? முதல் சில நாள் நாய் சரியா சாப்பிடாது, வாசலையே பார்த்துட்டுக் கிடக்கும். பூனை கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். பயந்துடாதீங்க, இழுத்து வெளியே எடுக்காதீங்க. பூனைக்கு முதல்ல ஒரே ஒரு ரூமைப் பழக்குங்க. நாய்க்குச் சாப்பாடு, வாக்கிங் ரெண்டையும் தினமும் ஒரே நேரத்துல வெச்சுக்கங்க. அடுத்தடுத்த நாளும் சுத்தமா சாப்பிடலைன்னா, குறிப்பா பூனைன்னா, தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பழைய வீட்டை மறந்து உங்களை நம்ப அதுக்குச் சில வாரம் ஆகலாம், சில மாசமும் ஆகலாம்.

ஒரு சட்டத்துக்காக ருக்மிணி தேவி ஏழு வருஷம் காத்திருந்தார். உங்க வீட்டுக்கு வந்த ஜீவனுக்காக நீங்க மூணு மாசம் காத்திருக்க மாட்டீங்களா?