பானையில் வளர்ந்த பாசி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைக் காண வரும் நண்பர்களை அழைத்துச் செல்லும் வேலை, ஊர்க்காரன் என்ற முறையில் அவ்வப்போது எனக்கு வாய்க்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகளைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். ஏரியைப் பேணத் தனி வாரியம் வைத்திருந்த ஊர் இது. ஆனால் குடத்துக்குள் ஒருவரின் பெயர் எழுதிய ஓலை விழ வேண்டுமானால், வரி செலுத்தும் நிலம் அவருக்கு இருந்தாக வேண்டும். நிலமற்றவருக்கு அந்தக் குடத்தில் இடமில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வேறொரு பானையும் அதன் பின்னால் இருந்த மனிதரும் நினைவுக்கு வருவது உண்டு. அவர் சி.வி. சேஷாத்ரி.

1930-இல் பிறந்து 1995-இல் மறைந்த சேஷாத்ரி ஒரு வேதிப்பொறியாளர். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றவர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அந்தப் பாதையிலேயே சென்றிருந்தால் பெரிய பதவிகள் அவரைத் தேடி வந்திருக்கும். அவரோ 1970-களின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து, தரமணியில் முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தைக் கட்டியெழுப்பினார். அவரை உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. ஆற்றலின் மதிப்பை வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு அளக்கும் அறிவியல், உலைகளையும் எந்திரங்களையும் உயர்வாக மதிக்கிறது. கடல்நீரை ஆவியாக்கி மழையாகப் பொழிவிக்கும் வெயிலையும், சாதாரண வெப்பத்தில் உணவு சமைக்கும் இலையையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வெப்பமண்டல நாடுகளின் ஏழைகளுக்கு எதிரான சார்பு அந்தக் கணக்கிலேயே இருக்கிறது என்பது அவர் வாதம். நீதி இல்லாத இடத்தில் அறிவியலும் பிழைபட்டதாகவே இருக்கும் என்ற கருத்தில் கடைசிவரை அவர் உறுதியாக இருந்தார். இந்த வாதத்தை முழுமையாக ஏற்காத அறிவியலாளர்கள் பலர். எனக்கும் சில ஐயங்கள் உண்டு. ஆனால் வாதத்தோடு நில்லாமல், வெயிலை நேரடியாக உணவாக்கும் வழியைத் தேடினார் என்பதே அவரைத் தனித்துக் காட்டுகிறது.

அவர் கைக்கொண்டது ஸ்பைருலினா என்னும் சுருள்பாசி. நெல்லும் வாழையும் வாடிப்போகும் உவர்நீரும் களர்நீரும் இதற்கு உகந்தவை. நீரின் காரத்தன்மை மிகுந்திருப்பதால் பிற பாசிகளும் கிருமிகளும் அதில் எளிதில் தலையெடுக்க முடியாது. ஆகவே திறந்தவெளியிலேயே வளர்க்கலாம். உலர்ந்த பாசியில் ஏறத்தாழ 60 விழுக்காடு புரதம். இவற்றைவிடச் சேஷாத்ரியை ஈர்த்திருக்கக்கூடிய பண்பு ஒன்று உண்டு. குளோரெல்லா போன்ற நுண்பாசிகளை நீரிலிருந்து பிரிக்க மையவிலக்கு எந்திரம் வேண்டும். இழையாக வளரும் சுருள்பாசியை ஒரு துணியில் வடிகட்டி எடுத்துவிடலாம். மெக்சிகோவின் டெஸ்கோகோ ஏரிக்கரையில் அஸ்டெக் மக்களும், ஆப்பிரிக்காவின் சாடு ஏரிப்பகுதிப் பெண்களும் செய்துவந்தது இதையேதான்.

சென்னை இதற்குப் பொருத்தமான களமாகவும் இருந்தது. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஊன்றிய விதை, அவருடைய மாணவர் தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசி நூலாக ஏற்கெனவே வளர்ந்திருந்தது. சேஷாத்ரியும் ஜீஜி பாயும் 1980-இல் இப்பாசியின் இழைகள் சுருள்வதையும் நிமிர்வதையும் ஆராய்ந்து எழுதினார்கள். பெயரிலேயே சுருளைக் கொண்ட உயிர் சில நேரம் நேராகிவிடுவது வெறும் வேடிக்கை அன்று. வடிகட்டும் துணியில் அது தங்குமா, நழுவுமா என்பதையும் அதன் வடிவமே முடிவுசெய்கிறது.

அந்த மையம் கிராமங்களுக்கென உருவாக்கிய முறை மிக எளியது. பெரிய மண்பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைக்க வேண்டும். நீர், உப்பு, சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கரைசல், கொஞ்சம் சத்துப்பொருள்கள், விதைப்பாசி ஆகியவற்றை இட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை கலக்கிவிட வேண்டும். சில நாள்களில் நீர் கரும்பச்சையாகும். வடித்தெடுத்துக் குடும்பத்துக்கான உணவில் சேர்க்கலாம். தேவைப்படுவது கொல்லைப்புறமும் வெயிலும் மட்டுமே, பட்டா தேவையில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சுமார் 5,000 சிறு குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் இப்பாசி பலகாரத்தில் கலந்து வழங்கப்பட்டது. வைட்டமின் ஏ குறைவால் வெள்விழியில் தோன்றும் பிட்டாட் புள்ளிகள் வெகுவாகக் குறைந்ததாக 1993-இல் சேஷாத்ரி எழுதினார். பீட்டா கரோட்டின் நிறைந்த பாசி என்பதால் இதில் வியப்பில்லை. எனினும், ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய கடுமையான சோதனைகள் தொடர்ந்து நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்துவிட்டார்.

அதன்பின் பாசி வளர்ந்தது; பானை வளரவில்லை. அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊனையூரில் இன்று பெருந்தொட்டிகளில் சுருள்பாசி விளைந்து வெளிநாடுகளுக்குப் போகிறது. எங்கள் ஊர் மருந்துக்கடையிலும் குப்பிகளில் மாத்திரையாகக் கிடைக்கிறது. வாங்குபவர்களின் குழந்தைகளுக்கு வைட்டமின் குறைவு இருப்பதாகத் தெரியவில்லை. அதன் உறையில் அச்சிடும் பெருமைகள் அனைத்தும் உண்மையுமல்ல. அதிலுள்ள பி12-இன் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத வடிவம் என்பதை யாரும் அச்சிடுவதில்லை.

பானை தோற்றதற்கு வணிகத்தை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. எங்கள் வீட்டிலேயே அது தோற்றிருக்கிறது. சோறு வேகவைத்தால் மஞ்சளித்துப்போகும் உவர்ப்புக் கிணறு எங்களுடையது. ஒரு பயிற்சியில் கற்றுவந்த என் அண்ணி, அந்த நீரைக் கொண்டு கொல்லையில் மூன்று பானைகளைப் புதைத்தார். கோடை முழுவதும் பாசி நன்றாக வந்தது. அடையில் கலந்து கொடுத்தார், வாசனை பிடிக்காவிட்டாலும் பிள்ளைகள் தின்றார்கள். ஐப்பசி மழையில் நீரின் காரம் குறைந்து வேறு பாசிகள் புகுந்துவிட்டன. அவற்றுள் நச்சுப்பாசி உண்டா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. புதிய விதைப்பாசி தரவும் எவருமில்லை. களத்துமேட்டு வேலைக்கும் அடுப்படிக்கும் நடுவே நாளுக்கு நான்குமுறை பானையைக் கலக்குவதும் பெண்ணின் தலையிலேயே விழுந்தது. சேஷாத்ரியின் கணக்கில் இந்த உழைப்பு போதிய அளவு இடம்பெறவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அண்மையில் அண்ணியிடம் மீண்டும் முயல்வீர்களா என்று கேட்டேன். தனித்தனி வீடுகளில் வேண்டாம், அங்கன்வாடிக்குப் பக்கத்தில் கூரையிட்ட தொட்டி ஒன்று கட்டி, முறைவைத்துக் கூலியும் கொடுத்து, மாதம் ஒருமுறை நீரைச் சோதித்துச் சொல்ல ஓர் ஆளை அனுப்பினால் நாளையே வருவதாகச் சொன்னார்.