சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை

அச்சமும் ஆசையுமே மனிதனைப் பொய் பேசத் தூண்டுகின்றன. அதிகாரம் குவிந்துள்ள இடத்தில் இவ்விரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. பதவி போய்விடுமோ என்ற அச்சத்தால் ஒருவர் உண்மையை மறைக்கிறார். தயவு கிட்டும் என்ற ஆசையால் மற்றொருவர் இல்லாததைப் புகழ்கிறார். இருவருக்கும் நடுவே, மக்களின் துயரம் ஆள்பவரின் செவியை எட்டாமல் போகிறது. நூறாண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் இந்நிலையைக் கண்டு எழுதுகோலை ஏந்தியவர் ராமகிருஷ்ண பிள்ளை.

நெய்யாற்றங்கரையில் 1878 மே 25 அன்று பிறந்த அவர், மாணவப் பருவத்திலேயே பத்திரிகைப் பணியில் ஈடுபட்டார். வக்கம் அப்துல் காதர் மௌலவி என்ற இஸ்லாமிய அறிஞர் 1905-இல் ‘சுதேசாபிமானி’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். மறு ஆண்டு அதன் ஆசிரியர் பொறுப்பை ராமகிருஷ்ண பிள்ளை ஏற்றார். மௌலவி அவருக்கு முழுச் சுதந்திரம் அளித்தார். பின்னர் பத்திரிகை திருவனந்தபுரத்திற்கு இடம் பெயர்ந்தது.

அதிகாரிகளின் லஞ்சம், அரண்மனைக்கு வேண்டியவர்களின் செல்வாக்கு, திவான் ராஜகோபாலாச்சாரியின் நடத்தை ஆகிய அனைத்தையும் அவர் வெளிப்படையாக எழுதினார். மன்னர்கள் தெய்வத்தின் பிரதிநிதிகள் என்ற கருத்தையே அவர் மறுத்தார். ஸ்ரீபத்மநாபரின் தாசராக மன்னர் ஆண்ட நாட்டில் இதை எழுதுவது எளிதன்று. அவரது சொற்கள் சில சமயம் எல்லை மீறிக் கடுமையாயின என்பதும் உண்மையே.

1910 செப்டம்பர் 26 அன்று அரசகட்டளை பிறந்தது. பத்திரிகை தடை செய்யப்பட்டது, அச்சகம் பறிமுதலாயிற்று, 32 வயது ஆசிரியர் கைது செய்யப்பட்டு, ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. அவர் எழுதியவை பொய்யெனில் நீதிமன்றத்தில் அதை நிலைநாட்டியிருக்கலாம். அரசு அவ்வழியை நாடவில்லை.

ஆசிரியரைக் கட்டுப்படுத்தியிருந்தால் மௌலவியின் அச்சகம் தப்பியிருக்கும். அவரோ கொடுத்த வாக்கிலிருந்து பிறழவில்லை. ஆசிரியரே இல்லாதபோது அச்சகம் எதற்கு என்று கருதி, அதைத் திரும்பக் கேட்கவும் மறுத்தார் என்பர். 1932-இல் மறையும்வரை அது அவருக்குக் கிடைக்கவில்லை.

ராமகிருஷ்ண பிள்ளையின் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்தால் அவருக்கே நியாயம் செய்தவராக மாட்டோம். அதே 1910-இல், புலையர் குழந்தைகளைப் பிற சாதிக் குழந்தைகளுடன் ஒரே வகுப்பில் அமர்த்துவதை அவர் எதிர்த்தார். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு அதை ஒப்பிட்டார். இங்கே அச்சமும் இல்லை, ஆசையும் இல்லை. பிறரது பொய்யை அவ்வளவு கூர்மையாகக் கண்ட கண்ணுக்கு, பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற பழைய பொய் பொய்யாகவே தெரியவில்லை. பள்ளி வாசலில் நின்ற அந்தக் குழந்தைகள் அதற்கு விலை கொடுத்தனர்.

சென்னை, பாலக்காடு, கண்ணூர் என வறுமையிலும் நோயிலும் கழிந்தன பிந்திய ஆண்டுகள். அப்போதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. பத்திரிகைத் தொழிலைப் பற்றிய நூலையும், கார்ல் மார்க்ஸின் வரலாற்றையும் 1912-இல் மலையாளத்தில் வெளியிட்டார். காசநோய் முற்றி, 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில் காலமானபோது அவருக்கு 38 வயதுகூட நிறையவில்லை. பையாம்பலம் கடற்கரையில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் திருவிதாங்கூருக்குத் திரும்பவே இல்லை.

ஆசிரியையாகப் பணிபுரிந்து குடும்பத்தைத் தாங்கிய மனைவி கல்யாணி அம்மா, அவருடன் வாழ்ந்த நாட்களை ஒரு நூலாக எழுதினார். வியாழன் ராசி மண்டலத்தை ஒருமுறை சுற்றிவரும் பன்னிரண்டு ஆண்டுகளே அவர்களது இல்லற வாழ்வின் அளவு. ஆகவே அந்நூலுக்கு ‘வியாழவட்ட ஸ்மரணகள்’ என்று பெயரிட்டார்.