ரத்தப் புற்றுநோய்க்கு முதல் அடி கொடுத்த சென்னை மாணவர்: யார் இந்த சுப்பாராவ்?

ராயகிரி மாதிரி சின்ன ஊரிலும் கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை கிடைக்கிறது. அந்தச் சத்தை ஆய்வகத்தில் முதலில் உருவாக்கிய குழுவின் தலைவர்தான் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கும் வழி திறந்தார். அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

கதர் சட்டையும் கைநழுவிய பட்டமும்

1895 ஜனவரி 12-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸ் ஆனார். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தி வழியில் கதர் உடுத்தினார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இதற்கிடையே ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தார். அவரையும் அதே நோய் பிடித்து விட்டது. பிறகு ஹார்வர்டு போனவர், மனைவி சேஷகிரியைப் பார்க்கக்கூட ஊர் திரும்பவே இல்லை.

போலிச் சத்து செய்த வேலை

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்ப்ரூவுக்கும் உதவும் ஃபோலிக் ஆசிட் அங்கே உருவானது. புற்றுநோய் செல் பெருகவும் இந்தச் சத்து வேணும். அப்போ போலிச் சத்தைக் கொடுத்து ஏமாற்றினால்? அப்படி வந்ததுதான் அமினோப்டெரின். பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகக் குறைந்தது.

ஸ்டெம் செல் சிகிச்சையில் என்ன பங்கு?

பிறர் தரும் ஸ்டெம் செல்லோடு வரும் 'டி செல்'கள் சில நேரம் நோயாளியின் தோல், குடல், கல்லீரலையே தாக்கும். அதைத் தடுக்க, அமினோப்டெரினின் தம்பி மாதிரியான மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். இதுவும் அவர் குழுவில் பிறந்ததே. மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்லை அழிக்கும் 'இயற்கைக் கொல்லி செல்'கள், நோயாளியின் உடம்பைத் தாக்குவது குறைவு. அதனால் அவற்றை இந்தச் சிகிச்சையில் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்க்க சுப்பாராவ் இல்லை. ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் வந்தது. ஆகஸ்டில், 53 வயதில், நியூயார்க்கில் இறந்தார். இந்தியாவில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மும்பையில் நடந்தது 1983-ல்தான். வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல். இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995-ல். அவர் பெயர் இன்னும் பலருக்குத் தெரியாது. அவர் வழிவந்த மருந்து மட்டும் இன்றும் வார்டில் வேலை செய்கிறது.