ஆனந்தரங்கம் பிள்ளை

ஆனந்தரங்கம் பிள்ளை (மார்ச் 30, 1709 - சனவரி 1761) பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் துபாசியாகப் பணியாற்றிய வணிகரும் நாட்குறிப்பாளரும் ஆவார். 1736 முதல் இவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் வரலாற்றுக்கு முக்கிய ஆதாரமாகும். ஒரு பதவிக்கு ஆளைத் தேர்வதில் அளவுகோல் திறமையா, மதமா என்ற கேள்வி இவரது வாழ்வில் பெரும் பங்கு வகித்தது.

இளமை

இவர் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை. தந்தையின் மைத்துனரான நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் தலைமைத் துபாசியாக இருந்ததால் குடும்பம் அங்குக் குடியேறியது. 1716இல் குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்ட நைனியப்பர், மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். அவரது மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று முறையிட்டு, கிறித்தவராகத் திரும்பி அப்பதவியைப் பெற்றார். அவருக்குப் பின் கனகராய முதலியார் என்ற கிறித்தவர் துபாசியானார். தந்தை 1726இல் இறந்தபின், ஆளுநர் லெனுவார் ஆனந்தரங்கருக்குப் பரங்கிப்பேட்டை வணிகப் பொறுப்பை அளித்தார்.

துபாசியின் பணி

துபாசி என்பதற்கு இருமொழியாளர் என்பது பொருள். எனினும் மொழிபெயர்ப்பு அவரது பணியில் ஒரு பகுதியே. துணி வணிகர்களுடன் ஒப்பந்தம் பேசுதல், முன்பணத்துக்கு ஈடான சரக்கு உரிய தரத்தில் வந்து சேருமாறு பார்த்தல், அரசவைகளுடன் தொடர்பு பேணுதல் ஆகியனவும் அவர் கடமைகள். இறுதியாகக் கூறியதன் அருமையைக் காரைக்கால் காட்டுகிறது. 1738இல் அதைத் தர ஒப்பிய தஞ்சை மன்னர் சாகுசி பின்னர் மறுத்தார். 1739இல் சந்தா சாகிபின் உதவியால்தான் அது பிரெஞ்சுக்காரர் வசமானது.

பதவியேற்பு

1746இல் கனகராய முதலியார் காலமானார். அடுத்த துபாசி கிறித்தவராகவே இருக்க வேண்டும் என இயேசு சபையினர் விரும்பினர். ஆளுநர் டூப்ளேயின் மனைவியும் ஆனந்தரங்கரை எதிர்த்தார். மொழியறிவு, வணிக அனுபவம், அரசவைச் செய்திகளில் தேர்ச்சி ஆகியவற்றில் இவர் சிறந்து விளங்கினார். ஆனந்தப்புரவி என்ற கப்பலும் இவருக்குச் சொந்தமாக இருந்தது. டூப்ளே உடனே முடிவெடுக்கவில்லை. இறுதியில் 1747இல் இவரையே நியமித்தார். 1749இல் முசாபர் சங் இவருக்கு மூவாயிரம் குதிரைகளுக்கான மன்சப்தார் பட்டம் வழங்கினார்.

இறுதிக் காலம்

1754இல் டூப்ளே பிரான்சு திரும்பியபின் இவரது செல்வாக்குக் குறைந்தது. உடல்நலக் குறைவால் பணிகளைக் கவனிக்க இயலாத நிலையில், 1756இல் ஆளுநர் டி லெய்ரி இவரைப் பதவியிலிருந்து நீக்கினார். மத வேறுபாட்டைக் கடந்து இவரை உயர்த்திய செயல்திறன் என்னும் அளவுகோலே இவரது விலக்கலுக்கும் காரணமாயிற்று. ஆயினும் நாட்குறிப்பு எழுதுவதை இவர் விடவில்லை. புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 சனவரியிலேயே இவரும் காலமானார்.

நாட்குறிப்பு

1846இல் கண்டெடுக்கப்பட்ட நாட்குறிப்பு, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியானது. புதுச்சேரியில் இவர் வாழ்ந்த மாளிகை அமைந்துள்ள தெரு இவர் பெயரால் ரங்கப்பிள்ளை தெரு என வழங்குகிறது.