கண் அளவுக்குக் கணக்கு எழுதிய பெண்: ‘சமைத்துப் பார்’ மீனாட்சி அம்மாள் யார்?

சித்திரை வெயில் ஏறினால் போதும், பெரம்பலூர், அரியலூர் பக்கம் மொட்டை மாடிகளில் வடகம் காய ஆரம்பிச்சிடும். சின்ன வெங்காய சாகுபடியில் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டம் பெரம்பலூர். அந்த வெங்காயத்தை நறுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காய வைப்பார்கள். ஒரு உருண்டையைக் கிள்ளித் தாளிச்சா குழம்பு தெருவுக்கே மணக்கும்.

எதை எவ்வளவு போடணும்னு வீட்டுப் பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. எல்லாம் ஒரு கண் அளவுதான் என்று சொல்லிவிடுவார். பாட்டி இருக்கும் வரை பிரச்சினை இல்லை. அவருக்குப் பிறகு?

இதே கேள்விக்கு 1951-லேயே ஒரு பெண் பதில் எழுதினார். அவர்தான் எஸ். மீனாட்சி அம்மாள். அவர் எழுதிய புத்தகம் ‘சமைத்துப் பார்’.

யார் இந்த மீனாட்சி அம்மாள்?

1905-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். இருபதுகளின் தொடக்கத்திலேயே கணவரை இழந்தார். கையில் சின்னக் குழந்தை. மாமியாரையும் கணவரின் தம்பியையும் கவனிக்க வேண்டிய பொறுப்பும் இவர் தலையில்தான்.

கணவரை இழந்த பெண்ணுக்கு அன்றைய சமூகம் விட்டு வைத்த இடம் ரொம்பச் சின்னது. நல்ல நாள், விசேஷம் என்றால் முன்னால் வரக் கூடாது. ஆனால், அதே விசேஷத்துக்கான சமையலில் அவருடைய கை வேண்டும். மீனாட்சி அம்மாளின் கைப்பக்குவம் சொந்தக்காரர்கள் மத்தியில் பிரபலம். வெளியூரில் குடித்தனம் போன பெண்கள், இது எப்படிச் செய்யறது, அது எப்படிச் செய்யறது என்று இவருக்குக் கடிதம் எழுதிக் கேட்பார்கள்.

இதைப் பார்த்த உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகவே போடலாமே என்று யோசனை சொன்னார். புத்தகத்தின் தொடக்கம் அதுதான்.

அப்படி என்ன புதுசு?

தமிழில் அதற்கு முன்பும் பாக சாஸ்திரப் புத்தகங்கள் இருந்தன. மீனாட்சி அம்மாள் எழுதியது, அடுப்பு பக்கமே போகாத ஒரு பெண் முதல்முறை சமைக்க வந்தால் என்ன ஆகும் என்பதை மனதில் வைத்து. எந்தப் பொருள், எவ்வளவு, எதற்குப் பின் எது என்று வரிசையாக எழுதினார்.

சாம்பார், ரசத்தோடு நிற்கவில்லை. இலையில் ஓரமாக வைக்கும் பச்சடி, துவையல், ஊறுகாய், வடாம் எல்லாத்துக்கும் கணக்கு கொடுத்தார். புத்தகத்தை வெளியிட்டதும் சொந்த முயற்சியில்தான்.

ஊறுகாய்க்கு ஏன் அளவு அவ்வளவு முக்கியம்?

சாம்பாரில் உப்பு குறைந்தால் மேலே போட்டுக்கலாம். ஊறுகாய் அப்படி இல்லை. உப்புதான் மாங்காயில் உள்ள தண்ணீரை வெளியே இழுத்து, கெட்டுப் போகாமல் காக்கிறது. மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்று படாமல் தடுக்கிறது. உப்பும் எண்ணெயும் குறைந்தால் ஜாடி முழுக்கப் பூஞ்சை. ஒரு வருஷத்து ஊறுகாய் மொத்தமும் போச்சு.

உலகத்தின் மற்ற இடங்களில் இந்தக் கணக்கு கம்பெனிகள் கைக்குப் போனது. இங்கிலாந்தில் 1837-ல் வொர்செஸ்டர்ஷயர் சாஸ் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1868-ல் டபாஸ்கோ, 1876-ல் ஹைன்ஸ் தக்காளி கெட்சப். பாட்டிலில் அடைத்த ருசி, ஃபார்முலா ஃபேக்டரிக்குள். நம் ஊரில் துவையலும் ஊறுகாயும் வீட்டு ஜாடியிலேயே இருந்தன. ஃபார்முலா அம்மாவிடமிருந்து மகளுக்கு வாய்வழியாக வந்தது. மகள் தூர தேசம் போனால் சங்கிலி அறுந்துவிடும்.

அந்தச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தியது இந்தப் புத்தகம். கல்யாணச் சீரோடு ‘சமைத்துப் பார்’ கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கமானது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்களின் பெட்டியிலும் இடம் பிடித்தது. மூன்று பாகங்களாக வளர்ந்து, ஆங்கிலம் உட்பட வேறு மொழிகளுக்கும் போனது.

ஆழாக்கு, பலம் என்றால் எவ்வளவு?

பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு வரும் சந்தேகம் இது. அந்தக் காலத்துச் சென்னை அளவுப்படி 8 ஆழாக்கு ஒரு படி. ஒரு ஆழாக்கு சுமார் 200 மில்லிலிட்டர். ஒரு ரூபாய் எடை, அதாவது ஒரு தோலா, சுமார் 11.66 கிராம். 3 தோலா ஒரு பலம், கிட்டத்தட்ட 35 கிராம்.

1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் கிலோவும் லிட்டரும் கடைகளில் கட்டாயமாயின. மீனாட்சி அம்மாள் காலமானது 1962-ல். அவர் அளந்த படியும் பலமும் கடைத்தெருவை விட்டுப் போய்விட்டன. ஆனால், எழுதி வைத்ததால் இன்னைக்கும் அதை கிராமாக மாற்றிச் சமைக்க முடிகிறது. புத்தகத்தை அவருடைய குடும்பத்தினர் தொடர்ந்து வெளியிட்டு வந்திருக்கிறார்கள்.

விட்டுப்போனது எது?

மீனாட்சி அம்மாள் எழுதியது தமிழ் பிராமணர் வீட்டுச் சைவச் சமையல். அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதினார். வடகம் கிள்ளிப் போட்டுத் தாளிக்கும் கருவாட்டுக் குழம்பு அதில் இருக்காது. அதைச் சமைக்கிற வீடுகளில் பல இடங்களில் கணக்கு இன்னும் பாட்டி கையில்தான் இருக்கிறது.

இந்த வெயிலில் வடகம் போடும்போது வீட்டில் ஒரு தராசு இருந்தால், பாட்டி அள்ளிப் போடும் முன் உளுந்தையும் உப்பையும் எடை பார்த்து ஒரு நோட்டில் குறிச்சு வையுங்க. ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்கு எத்தனை கிராம்னு எழுதினா, அந்த வடகம் அடுத்த தலைமுறைக்கும் மணக்கும்.